பழுத்த வெள்ளை

ஜூன் 3, செவ்வாய்

சுஹாஸ் ஹெக்டே இன்று இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பெங்களூரில் சொந்தமாகக் கைக்கடிகாரக் கம்பெனி ஆரம்பித்திருக்கும் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. "தினா என்ன வேலை மாடுறீங்களோ அது எழுதுங்க அம்மா. வெப்சைட்டுக்கு பேக்கு" என்றார், தன்னுடைய கன்னடத் தமிழில். தினமும் செய்கிற வேலையை எழுத வேண்டுமாம். எனக்குத் தமிழ்தான் எழுத வரும் என்றேன். தமிழே இருக்கட்டும், அழகாக இருக்கும் என்றார். அவருக்கு வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நோட்டு எனக்கு. வாசிக்கத் தெரியாதவர் கொடுத்த நோட்டில் தைரியமாக எதையும் எழுதலாம்.

எங்கள் வேலை எனாமல் முகப்பு. எனாமல் என்று சொன்னதுமே ஓசூரில் பாதிப் பேர், "எங்க வீட்டு ஜன்னலுக்கு அடிச்சுத் தர்றீங்களா?" என்கிறார்கள். இது அந்த பெயிண்ட் இல்லை. கண்ணாடியை மாவாக அரைத்து, பலமுறை கழுவி, செப்புத் தகட்டின் மேல் சலித்துத் தூவி, எண்ணூறு டிகிரிக்கு மேல் உலையில் வைத்தால் உருகிப் பாலாடை போலப் படியும். அதுவரை இவர் பாடு. இவர் என்றால் என் வீட்டுக்காரர், தில்லைநாயகம். எனாமல் தட்டுத் தொழிற்சாலையில் உலை பார்த்தே தலை நரைத்தவர். வெள்ளை தயாரான பிறகு அதன்மேல் கறுப்பில் மணி எண்களை எழுதுவது என் பாடு. போர்டு எழுதுபவரின் மகள் நான். சிலேட்டுக் குச்சிக்கு முன்னாலேயே பிரஷ் பிடித்தவள்.

சுஹாஸுக்குத் தமிழ் எண்கள் வேண்டுமாம். முதல் தொகுப்புக்குப் பன்னிரண்டு முகப்புகள். நன்றாக வந்தால் இனி அவர் கம்பெனியின் முகப்பெல்லாம் என் கையெழுத்துதான். சரிப்படாவிட்டால் மிஷினில் அச்சுப் போட்டுக்கொள்வார். கைக்கடிகாரத்தில் என் எழுத்து! அப்பா இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

ஜூன் 6, வெள்ளி

இவர் இன்று எடுத்த வெள்ளை, வெள்ளையாகவே இல்லை. பழுத்திருக்கிறது. ரொம்ப நாள் துவைத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி.

"வெள்ளையாத்தானே இருக்கு குமுதா?"

"இதுவா வெள்ளை? மஞ்சத் தண்ணில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. மொதல்ல போய் உங்க கண்ணைக் காட்டுங்க."

வழக்கமாக ஒன்றுக்கு ரெண்டு பேசுகிறவர். இன்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, பவுடர மாத்திப் பாக்கறேன்" என்று போய்விட்டார். வயதாகிறது, பாவம்.

ஜூன் 10, செவ்வாய்

மளிகைக் கடைக்காரன் சீரகத்தில் சோம்பைக் கலந்து கொடுத்திருக்கிறான். ரசம் பிரியாணி வாசனை. இவர் வாயைத் திறக்காமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 14, சனி

என் மேசையை ஜன்னலோரத்துக்கு நகர்த்தி, தலைக்கு மேல் புது விளக்கும் மாட்டிவிட்டார். நான் கேட்கவே இல்லை. பழைய விளக்கில் வோல்டேஜ் குறைச்சலாக இருந்தது என்பது என் கருத்து. அவரும் அதைத்தான் சொன்னார்.

கறுப்புப் பொடியைக் கிராம்புத் தைலத்தில் குழைத்தேன். வீடு முழுக்கப் பல் டாக்டர் கிளினிக் வாசனை. தைலத்தில் குழைத்தால் சீக்கிரம் காயாது. எழுதியது பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். உலைக்குள் போகும்வரைதான் அந்தச் சலுகை. போய்விட்டு வந்தால் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது.

கடையில் புதிதாக வாங்கிய பிரஷ் மோசம். முனை இரண்டாகப் பிரிந்து கோடு இரட்டையாகத் தெரிகிறது.

ஜூன் 19, வியாழன்

மகள் தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினாள். "அம்மா, கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டியா?" இதையே போன மாதமும் கேட்டாள். எனக்கு என்ன கண்ணுக்கு? ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஒரு தடவை சொன்னதுதான் தப்பு. இப்போதெல்லாம் ஊசியின் காதைச் சின்னதாகச் செய்கிறார்கள். அதுவும் தையல் டப்பாவைத் திறந்தால் எல்லா ஊசியிலும் நூல் கோத்தே இருக்கிறது. நான் எப்போது கோத்து வைத்தேன் என்று நினைவில்லை.

நோட்டும் சரியில்லை. பக்கம் சின்னது, நாலு வரி எழுதினால் நிரம்பிவிடுகிறது.

ஜூன் 25, புதன்

ஒரு முகப்பு போச்சு. உலையிலிருந்து எடுத்து ஆற வைத்தபோது 'டிக்' என்று சத்தம். மயிரிழை விரிசல், ஒன்பதிலிருந்து மூன்று வரை. ஜன்னல் காற்று பட்டுவிட்டது. "எம்மேல தப்பு, நாந்தான் அவசரப்பட்டேன்" என்றார் இவர். ஜன்னலைத் திறந்து வைத்தது நான். அதை அவர் சொல்லவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

வெண்டைக்காய் நல்லதாகக் கிடைத்தது.

ஜூலை 2, புதன்

பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் உலையிலிருந்து வரும்போது எனக்கே ஆச்சரியம். எழுதும்போது திருப்தியாக இருப்பதில்லை. கறுப்பு கலங்கி, ஒன்பதுக்குரிய ௯-வின் சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா இல்லையா என்று சந்தேகமாகவே எழுந்திருப்பேன். சுட்டு வந்தபின் பார்த்தால் கம்பி போல நிற்கிறது. தீயில் போட்டால்தான் எழுத்துக்கே நல்ல புத்தி வருகிறது போல.

இவருக்கு ஒரு புதுப் பழக்கம். நான் எழுதி முடித்ததை வாங்கிக்கொண்டு நேரே உலைக்குப் போவதில்லை. பின்கட்டு ஜன்னலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி ரொம்ப நேரம் நிற்கிறார். "என்ன பண்றீங்க?" என்றால், "தூசி இருக்கான்னு பாக்கறேன்" என்கிறார். ஒரு வேளை சாமி கும்பிடுகிறாரோ என்னவோ. காஸ் பதிவு செய்தால்கூடச் சீட்டில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் நம்பரை எழுதுவார்.

ஜூலை 8, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் தவறான பஸ்ஸில் ஏறி, தளி ரோட்டில் பாதி தூரம் போய்விட்டேன். நம்பரை எவ்வளவு பொடியாக எழுதியிருக்கிறார்கள்! போர்டு எழுதத் தெரியாதவனையெல்லாம் எழுத விட்டால் இப்படித்தான்.

இவர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போனார். வழியில், "நாளைக்குக் கண் ஆஸ்பத்திரில கூட்டம் கம்மியாம், சும்மா ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?" என்றார். ஆடி வரப்போகிறது, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிற நேரமா இது என்றேன். எதிரே வரும் வண்டிகளின் விளக்குகளெல்லாம் தேர் அலங்காரம் மாதிரி சிதறித் தெரிந்தன. வண்டிக்காரர்களுக்கு விவஸ்தையே இல்லை.

ஜூலை 12, சனி

முடிந்தது! பன்னிரண்டும் வெல்வெட் துணியில் வரிசையாக. தேன்மொழிக்கு வீடியோவில் காட்டினேன். "ம்மா, சூப்பர்" என்றாள். எதிர்வீட்டுச் செண்பகவடிவு டீச்சர், தமிழாசிரியை, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த எண்கள நான் போர்டுலகூட இவ்ளோ அழகா எழுதினதில்ல குமுதாக்கா" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குத்தான்.

இவருக்குக் கேசரி. சீரகம் போடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் சுஹாஸ் வந்தார். பன்னிரண்டையும் படம் எடுத்தார். ஒவ்வொரு படத்தையும் எங்கள் டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் தமிழ் எண்களின் அட்டவணை. அவருக்குத் தமிழ் தெரியாதே, அதனால் உருவத்தை உருவத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க முடியும். ஏழாவது முகப்பில் நின்றார்.

"அம்மா, இங்க ரெண்டு மணி இருக்கு. மேல மத்தே ரெண்டு மணி இருக்கு. பன்னெண்டு எல்லி, எங்க?"

டிவியில் முகப்பு தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது. உச்சியில், ௰௨ இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ௨. பத்துக்குரிய ௰ இல்லவே இல்லை. அதை நான் பார்த்திருக்கிறேன், இவர் பார்த்திருக்கிறார், தேன்மொழி பார்த்தாள், தமிழாசிரியை கையில் வைத்துப் பார்த்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. படாது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து பரீட்சைத் தாள் வரை எல்லாவற்றின் தலையிலும் உ போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். உச்சியில் உ இருந்தால் அது எங்கள் கண்ணுக்கு எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அது அங்கே இருக்க வேண்டியது, அவ்வளவுதான். ஒரு கன்னடப் பிள்ளை வந்து அதை இரண்டு என்று வாசிக்க வேண்டியிருந்தது.

"என் கையால வந்த தப்பு தம்பி" என்றேன்.

அதே நேரத்தில் இவர், "தப்பு என்னோடது சார்" என்றார்.

சுஹாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ௨-வின் வால் நீளமாக இழுத்துவிட்டிருந்தது. முப்பது வருஷமாக மளிகைச் சீட்டின் தலையில் நான் பார்க்கிற வால். அது என் எழுத்தில்லை, இவருடைய பிள்ளையார் சுழி.

சுஹாஸ் மரியாதையாகத்தான் பேசினார். வெளியீட்டுக்கு நாள் குறித்துவிட்டாராம். திரும்ப எழுத நேரமில்லை, கையெழுத்தில் இப்படி நடக்கும் என்று தெரிந்தபின் பயமாக இருக்கிறது, இந்த முறை அச்சுப் போட்டுவிடுகிறேன் என்றார். வெள்ளை மட்டும் நீங்கள் கொடுங்கள் என்றார். எழுத்து வேண்டாம்.

ஜூலை 16, புதன்

சாம்பாரில் உப்புப் போடவில்லை. மறந்து அல்ல.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

கேட்டேவிட்டேன். இவர் உலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"எது?"

"என் எழுத்த நீங்க திருத்துறது."

"திருத்தலம்மா. அங்கங்க கோடு விட்டுப்போயிருந்துச்சு. சேத்துவிட்டேன்."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"பொங்கல்லேருந்து."

பொங்கலுக்கு நாங்கள் சுவர்க்கடிகார முகப்பு செய்துகொண்டிருந்தோம். அப்போது என் கண் நன்றாகத்தான் இருந்தது என்று இன்றுவரை நம்பியிருந்தேன்.

"விட்டுப்போனா சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீ பிரஷ்ஷ கீழ வெச்சுருவ."

கோபம் மட்டும் இருந்தது. அந்த ஏழாவதைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு அதன் உச்சியில் பன்னிரண்டு என்ற எண் மொத்தமும் ஈஷிப்போயிருந்ததாம், துடைத்துவிட்டாராம். "உன் எழுத்த முழுசா அழிச்சது அதான் மொத தடவ. சாமிய வேண்டிக்கிட்டு பிரஷ்ஷ வெச்சேன். கை தன்னால சுழியப் போட்டுருச்சு. பாத்தா ௨ இருக்கு. சரி, பன்னெண்டு ஆச்சுன்னு உள்ள வெச்சுட்டேன்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அழுகை வந்தது, அதையும் அவர் எதிரில் அழவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். மோசம் போய்விட்டேன் என்றுதான் தோன்றியது. கம்பி போல நின்றதெல்லாம் தீ கொடுத்த புத்தி என்று நினைத்தேனே!

மாலையில் இவர் ஒரு யோசனை சொன்னார். நீ உட்கார்ந்து சொல்லு, நான் எழுதுகிறேன், உன் பெயரிலேயே போகட்டும் என்றார். "என் பேர்ல உங்க எழுத்தா? அதுக்கு அந்த மிஷினே மேல்" என்றேன். கண் ஆஸ்பத்திரி நம்பரை நானே கேட்டு வாங்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு கண்ணிலும் புரை. வலது முற்றிவிட்டதாம். "இதோட எப்படிம்மா பிரஷ் புடிச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார்.

ஆடி மாதம் ஆகாது என்று போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், திரும்பி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது நானே வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஜூலை 23, புதன்

பயமாக இருக்கிறது. கண் போய்விடும் என்றல்ல. எல்லாம் சரியாகி, நன்றாகப் பார்க்க முடிந்து, அதன்பிறகும் கை எழுத வராவிட்டால்? இப்போதைக்குக் கண் மேல் பழி போட இடமிருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

வலது கண்ணில் கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் நீல நிறம் அடித்திருக்கிறார்கள். நேற்றுவரை அது எனக்குச் சாம்பல்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒதுக்கி வைத்திருந்த முகப்பை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதம் பழுத்த வெள்ளை என்று நான் திட்டினேனே, அது. பால் வெள்ளை. அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்டு அவர் மாற்றி மாற்றி எடுத்தவை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஏறி, கடைசியில் உஜாலா கூடிப்போன வேட்டி மாதிரி. என் மஞ்சளுக்கு ஈடுகட்ட மனிதர் நீலம் கலந்திருக்கிறார்.

"இது அசிங்கமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. உனக்கு வெள்ளையாத் தெரிஞ்சா போதும்னு விட்டுட்டேன். ஆனா நீ எழுதறதுக்கு நல்லதத்தான் குடுத்தேன், புது வெளக்குல உனக்கு வித்தியாசம் தெரியல. சுஹாஸ்கிட்ட போனது அதான்."

ஆகஸ்ட் 9, சனி

தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, உலைப் பக்கம் போகவே கூடாது. சொட்டு மருந்துக்கு இவர் மணி அடித்துக்கொண்டு வருகிறார், பூசாரி மாதிரி. சமையலும் இவர்தான். இவர் ரசத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதி எதிர்காலச் சந்ததியைப் பயமுறுத்த வேண்டாம்.

சுஹாஸ் பேசினார். உடம்பை விசாரித்தார். அச்சு முகப்பு வந்துவிட்டதாம். "நல்லா இருக்கு அம்மா. ஆனா சும்மா இருக்கு" என்றார். சும்மா என்றால் என்ன என்று கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரே ஒரு முகப்பு எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது தொகுப்பைப் பற்றி முடிவு செய்வாராம். கையா, மிஷினா என்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

பொடி வேலைக்குக் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியை மாட்ட டாக்டரம்மா அனுமதித்துவிட்டார். முதல் வேலையாக பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பொங்கலிலிருந்து கழித்துப் போட்ட முகப்புகளெல்லாம் அதில்தான் கிடக்கின்றன. இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் பல் குச்சியைக் கொடுத்து, எது நான் எது நீங்கள் என்று காட்டச் சொன்னேன். குறைகளைப் பிடித்துத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், மறைக்கவில்லை.

"இது நீ. இது நீ. இந்தக் கொக்கி நான். இது முழுசும் நான்."

நடுங்கியதும் வழிந்ததும் நான். நேராக நின்றதெல்லாம் அவர். தொழிற்சாலையில் தட்டு எடுத்த கை, எங்கே படித்தது இதை? நான் போன வருஷம் தமிழ் எண்களில் எழுதிய ஒரு சின்ன முகப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாராம். ஜன்னலில் முதுகைக் காட்டி நின்றது அதற்குத்தான். கண் கெட்ட பிறகு என் கை மறந்துபோன என் எழுத்தை இவர் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். திட்டவில்லை. குச்சியை வாங்கி வைத்துவிட்டு, எழுந்துபோய்க் காபி போட்டேன், இரண்டு டம்ளர்.

ஆகஸ்ட் 30, சனி

பழைய தகடுகளில் எழுதிப் பழகுகிறேன். ௩ வருகிறது. ௬ வருகிறது. ௯ அடம் பிடிக்கிறது. கண்ணுக்கு எல்லாம் தெரிவதால் எல்லாத் தப்பும் தெரிகிறது. துடைக்கிறேன், எழுதுகிறேன், துடைக்கிறேன். இவர் பக்கத்தில் வருவதே இல்லை. தோட்டத்தில் ஏதோ குழி தோண்டிக்கொண்டிருக்கிறார், செடி எதுவும் இல்லாமல்.

செப்டம்பர் 8, திங்கள்

சுஹாஸ் அச்சு மிஷினை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது தொகுப்பு கையெழுத்துதான். நிதானமாகக் கொடுங்கள், நாள் குறிக்கமாட்டேன் என்கிறார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு எழுத வேண்டியது வேறு.

போன வியாழக்கிழமை நடந்தது அது. அந்த ஒரு முகப்பை எழுதி முடித்துப் பிரஷ்ஷை வைத்தேன். நல்லா இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பார்த்துப் பார்த்து எழுத்து எழுத்தாகவே தெரியாமல் போய்விட்டது. இவரைக் கூப்பிட்டேன். வந்து, தட்டோடு வாங்கிக்கொண்டார். பின்கட்டு ஜன்னலுக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. நேரே உலைக்கு நடந்தார்.

"என்னங்க, ஒரு தடவ பாத்துருங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? எங்கயாவது விட்டுப்போயிருந்தா? உள்ள போயிட்டா அவ்ளோதான், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்த ஒம்பது எனக்குச் சந்தேகமா இருக்குங்க. நீங்க தொட்டாக்கூட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சத்தியமா."

இவர் உலைக் கதவைத் திறந்தார். உள்ளே ஆரஞ்சு வெளிச்சம். தட்டை நீட்டிய கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். உலைக்காரர், அத்தனை வருஷத்தில் தீ முன்னால் கண் மூடாதவர்.

"இது நீ எழுதுனது குமுதா" என்றார், மூடிய கண்ணோடு. உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.